உண்டியலில் விழுந்த ரோமாபுரி

தை 4, வெள்ளி

தகடு கொடுக்கும் வெள்ளிக்கடைக்காரர் பொங்கலுக்கு ஒரு டைரி கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்தால், என் கொழுந்தன் துரைக்கண்ணு அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை வச்சு என்ன பண்ணப் போறீங்க அண்ணி? வடை மடிக்கவா?" என்கிறான். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது உண்மைதான். வாய் நிற்கவில்லையே. வாயால் பேசுகிறதைக் கையால் எழுதினால் ஆயிற்று. அவனுக்காகவே எழுதப்போகிறேன், அதுவும் அவனைப் பற்றியே.

துரைக்கண்ணு இருபது வருஷம் கப்பலில் துணி வெளுத்தவன். கொண்டுவந்தது இடுப்பு வலியும் ஒரு கண்ணாடி அலமாரியும். அலமாரி நிறைய வட்ட வட்ட வில்லைகள். ஒன்றில் பாரிஸ் கோபுரம், ஒன்றில் லண்டன் பாலம், ஒன்றில் வாயால் தண்ணீர் துப்பும் சிங்கப்பூர் சிங்கம். அந்தந்த ஊரைப் பார்க்கப் போகிறவர்கள் ஞாபகத்துக்கு வாங்கி வருவதாம். பித்தளையும் இல்லை, வெள்ளியும் இல்லை, ஏதோ கலப்படம். செல்லாக் காசு என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். "நினைவுப் பதக்கம், அண்ணி" என்பான். நினைவைக் கொடுத்து ஒரு டீ வாங்கி வா பார்ப்போம் என்றால் எழுந்து போய்விடுவான்.

சாயங்காலம் ஆனால் மஞ்சள் துணியை எடுத்து ஒவ்வொன்றாகத் துடைப்பான். இந்த அக்கறையில் பாதியை மூஞ்சிமேல் காட்டியிருந்தால் இந்நேரம் பிள்ளை குட்டியோடு இருந்திருப்பான்.

என் பிழைப்பு மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்கலாம். மாரியம்மன் கோயில் வாசலில் வேண்டுதல் தகடு விற்கிறேன். கால் வலிக்குக் கால் உருவம் அடித்த தகடு, கண் நோய்க்குக் கண், பிள்ளை வரத்துக்குத் தொட்டில், வீடு கட்ட வீடு. வாங்கி உண்டியலில் போடுவார்கள். உண்டியல் எண்ணி முடித்ததும், வெள்ளி கோயிலுக்கு. மற்றத் தகடுகளை வருஷ ஏலத்தில் எடுத்திருப்பது நான். புளி போட்டுத் தேய்த்து மறுபடி கடையில் பரப்புவேன். ஒரே கால் திரும்பத் திரும்ப என்னிடம் வந்து, எத்தனையோ பேர் முட்டி வலியைத் தீர்த்திருக்கிறது. அந்தக் காலுக்கு இருக்கிற உழைப்பு இந்த ஊரில் எந்த ஆம்பிளைக்கும் இல்லை.

ஒன்று எழுதவேண்டும். என் வீட்டுக்காரர் சிறுநீரகம் கெட்டு, ரத்தம் சுத்தம் செய்ய ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த காலத்தில், இவன் ஊர் ஊராக இறங்கி வில்லை பொறுக்கிக்கொண்டிருந்தான். பணம் அனுப்பினான், இல்லையென்று சொல்லவில்லை. ஒரு தடவை வந்து அண்ணன் கையைப் பிடித்திருக்கலாம். சாவுக்கும் வரவில்லை.

போகட்டும். அடுப்பில் குழம்பு கொதிக்கிறது.


தை 6, ஞாயிறு

தரகர் வந்தார். துரைக்கண்ணுவுக்கு ஒரு இடம். துறையூரில் தையல் கடை வைத்திருக்கிற பெண், பெயர் கோகிலம். இருவர் வயசையும் கூட்டினால் தொண்ணூறு வரும். நாலு ஊர் பார்த்த மனுஷன் என்றால் சரி என்று அந்தப் பெண்ணே சொன்னாளாம். கல்யாணம் முடிந்தால் இவன் துறையூருக்குப் போய்விட வேண்டும், அவள் கடையை விட்டு வரமாட்டாள்.

"உங்களுக்கு எப்படி அண்ணி?" என்றான்.

"எனக்கென்ன? முன் அறை காலியானா தகடு மூட்டையை அங்க போடுவேன்" என்றேன். உண்மைதானே. கூடத்தில் மூட்டை இருப்பது இடைஞ்சல்.

பல் வலி. ராத்திரி சாப்பிடவில்லை.


தை 13, ஞாயிறு

கோகிலமும் அவளை வளர்த்த சித்தி தைலம்மையும் வந்து போனார்கள். சித்திக்கு எதைப் பார்த்தாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். திரைச்சீலையைத் தொட்டாள், மிக்ஸியைத் தொட்டாள், என் வளையலைத் தொட்டு, "கவரிங்கா?" என்றாள்.

கோகிலம் பரவாயில்லை. சிரிக்கும்போது கையால் வாயை மூடுவதில்லை. அலமாரி முன்னால் நின்று ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"இந்தப் பாரிஸ் கோபுரம் எப்படிங்க இருக்கும்?"

"பெருசா இருக்கும். மேல ஏறினா காத்து நல்லா வரும்."

"இந்தப் பாலம்?"

"அதுவும் பெருசுதான். காத்து வரும்."

"எகிப்துல?"

"அங்கயும் காத்துதான்."

உலகம் முழுக்கச் சுற்றிவிட்டு வந்து காற்றாடிக் கடைக்காரன் மாதிரிப் பேசுகிறான். நான் சமையலறையில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

அவர்கள் கிளம்பிப்போன பிறகு சாயங்காலம் துடைக்க உட்கார்ந்தவன், "அண்ணி!" என்று ஒரு சத்தம் போட்டான். அலமாரியில் ஒரு இடம் காலி. அங்கே ஒரு ஐம்பது ரூபாய் நோட்டு மடித்து வைத்திருக்கிறது.

கோகிலத்துக்குப் போன் போட்டுக் கேட்டதில் விஷயம் தெரிந்தது. தகடு விற்கிற வீடு என்று கேள்விப்பட்ட சித்தி, அலமாரியில் இருப்பதும் விற்பனைத் தகடு என்று நினைத்துவிட்டாள். கட்டடம் போட்டதாக ஒன்றை எடுத்து, காசை வைத்துவிட்டு, போகிற வழியில் கோயிலுக்குள் போய், "இதுங்களுக்குச் சொந்த வீடு அமையணும் தாயே" என்று உண்டியலில் போட்டாயிற்று.

எது தெரியுமா? ரோமாபுரியில் இருக்கிற அந்த வட்டக் கட்டடம். பாதி இடிந்து நிற்குமே, அது!

விழுந்து விழுந்து சிரித்தேன். துரைக்கண்ணு சிரிக்கவில்லை. நோட்டை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டான்.


தை 14, திங்கள்

சித்தியே போன் செய்தாள். "கோவிச்சுக்காதம்மா, தெரியாம எடுத்துட்டேன். ஆனா நல்ல தகடும்மா அது. வரிசையா எத்தனை ஜன்னல்! பெரிய வீடாவே அமையட்டும்னு வேண்டிக்கிட்டேன்."

"ஜன்னலா? அது இடிஞ்ச கட்டடம்மா. ஒரு பக்கச் சுவரே கிடையாது. அந்தக் காலத்துல மனுஷனை உள்ள விட்டு மேல சிங்கத்தை அவுத்து விடுவாங்களாம்."

அந்தப் பக்கம் ஒரே அழுகை. "ஐயோ, இடிஞ்ச வீட்டையா நான் ஆத்தாகிட்டக் கேட்டேன்! தாலி ஏறுறதுக்கு முன்னாடியே! அது வெளிய வர்ற வரைக்கும் கல்யாணப் பேச்சே வேண்டாம்மா. கேட்டதைக் கேட்டபடி குடுக்கிறவ அவ!"

இதற்கெல்லாம் நானா பொறுப்பு? கேட்டாள், சொன்னேன். சிங்கத்தை நானா அவிழ்த்துவிட்டேன்?


தை 17, வியாழன்

கோயில் அதிகாரியிடம் இருவரும் போனோம். துரைக்கண்ணு இஸ்திரி போட்ட சட்டையோடு கைகட்டி நின்று, "சார், என்னோட நினைவுப் பதக்கம் ஒண்ணு உண்டியல்ல விழுந்துடுச்சு" என்றான்.

"உண்டியல்ல விழுந்தா அம்மனுக்குச் சொந்தம்யா. ஒருத்தருக்குத் திறந்தா நாளைக்கு மோதிரம் போட்டவன், மனசு மாறினவன் எல்லாம் வரிசையில நிப்பான்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "தகட்டு ஏலம் உங்களுதுதானேம்மா? எண்ணி முடிச்சதும் வெள்ளி இல்லாததெல்லாம் உங்க மூட்டைக்குத்தானே வரும். வந்தா எடுத்துக் குடுங்க."

வெளியே வந்ததும் இவன் என்னை ஒரு பார்வை பார்க்கிறான், நான்தான் மாரியம்மன் என்கிற மாதிரி.

மத்தியானம் கோகிலம் போனில் பேசினாள். "அக்கா, எனக்கு இந்தச் சகுனம் எல்லாம் கிடையாது. ஆனா சித்தி என்னைத் தூக்கி வளத்தவங்க. அவங்க மனசு ஒப்பாமப் பண்ண முடியாது. உங்க கையிலதான்க்கா இருக்கு."

என் கையில் ஒரு கல்யாணம்! என் கையில் ஒரு முழுத் தேங்காயைக்கூட யாரும் நம்பிக் கொடுத்ததில்லை.


தை 22, செவ்வாய்

உண்டியல் எண்ணுகிறார்கள். நாளை மறுநாள் மூட்டை வரும். முறுக்குக்கு மாவு திரித்தேன்.


தை 24, வியாழன்

மூட்டை வந்தது. கூடத்தில் கொட்டினேன். எத்தனை கால், எத்தனை கை! ஒரு தலை. வீடு மட்டும் ஒரு தெருவுக்கு இருக்கும். ஊரில் ஒருத்தனுக்கும் சொந்தக் கூரை இல்லை போலிருக்கிறது.

துரைக்கண்ணு இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து துழாவினான். பார்க்கச் சகிக்கவில்லை. "நீ போய்ப் படு. கண்ணுக்கும் தொட்டிலுக்கும் வித்தியாசம் தெரியாத ஆளு. நான் பாத்துச் சொல்றேன்" என்று அனுப்பினேன்.

பார்த்தேன். இல்லை என்று சொல்லிவிட்டேன்.


தை 25, வெள்ளி

இன்றும் கேட்டான். இல்லை என்றேன்.

புளி போட்டு எத்தனை தேய்த்தாலும் பளபளப்பு வரவில்லை. மட்டமான சாமான். ரோமாபுரிக்காரன் நன்றாக ஏமாற்றியிருக்கிறான்.


தை 26, சனி

அலமாரியைத் துடைப்பதை நிறுத்திவிட்டான். மஞ்சள் துணி கொடியில் தொங்குகிறது. தரகர் வந்து, துறையூர்க்காரர்கள் பதில் கேட்பதாகச் சொன்னார். "கிடைக்கலேன்னு சொல்லிடுங்க" என்று இவனே சொல்லிவிட்டான்.

நல்லதுதான். இந்த வயசில் துறையூர் போய் இவன் என்ன கிழிக்கப்போகிறான்? அங்கே தண்ணீர் உப்பு. அந்தச் சித்தியோ தினம் இவன் மூக்கைத் தொட்டுப் பார்ப்பாள். இங்கே மூன்று வேளைச் சோறு, கேட்க ஆள். மூட்டை கூடத்திலேயே கிடக்கட்டும், பழகிவிட்டது. நாளைக்கு அவனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைக்கப்போகிறேன். பல் வலி போய்விட்டது.


தை 27, ஞாயிறு

குழம்பு கொதிக்கும்போது அவன் போன் அடித்தது. அவன் கடைக்குப் போயிருந்தான். எடுத்தேன். தூத்துக்குடியிலிருந்து மிக்கேல் என்று ஒருவர், இவனோடு கப்பலில் இருந்தவராம். கல்யாணத் தேதி கேட்டார்.

"கல்யாணம் நின்னுபோச்சுங்க. உங்க கூட்டாளியோட ரோமாபுரிக் காசு உண்டியல்ல விழுந்துடுச்சு. ஊர் ஊரா இறங்கிக் காசு பொறுக்குனாரே, அதுல ஒண்ணு" என்றேன்.

"எவன் மைனி இறங்குனான்?" என்றார் மிக்கேல்.

"என்ன சொல்றீங்க?"

"அவன் ஒரு ஊர்லயும் இறங்கல மைனி. கப்பல் கரை பிடிச்சா நாங்க எல்லாரும் ஊர் பாக்கப் போவோம். எங்க வேலையை அவன் பாப்பான், அந்தக் கூலி அவனுக்கு. அண்ணனுக்கு ரத்தம் சுத்தம் பண்ணணும்லா, ஊருக்கு அனுப்பணும்பான். சலவை ரூம் கப்பலுக்கு அடியில கெடக்கும். சன்னலே கிடையாது. இவனை அங்க விட்டுட்டு நாங்க ஊர் சுத்துறது எங்களுக்கே ஒரு மாதிரியா இருக்கும். அதான் போறவன் வாறவன் ஆளுக்கு ஒரு காசு வாங்கியாந்து கையில குடுப்போம். இந்தாடே, இன்னைக்கு நீ பாக்காம விட்டது இதுதான்னு."

கரண்டியைக் கீழே வைத்தேன்.

"ரோமாபுரி நான் வாங்குனது மைனி. அன்னைக்குத்தான் அண்ணாச்சி தவறுன சேதி வந்துச்சு. விமானம் பிடிச்சாலும் அவரை எடுக்கதுக்குள்ள போய்ச் சேர முடியாது. இனி யாருக்குடே கூலி, வா, வந்து கொஞ்சம் காத்தாட நில்லுன்னு கையப் பிடிச்சு இழுத்தேன். வரமாட்டேன்னுட்டான். இஸ்திரிப் பெட்டிய விடவே இல்ல. சாயந்தரம் வந்து பாக்கேன், கப்பல்ல இருக்க துணி அத்தனையும் மடிச்சு வச்சிருக்கான்."

குழம்பு அடிப்பிடித்துவிட்டது. இந்த விலைக்குக் கருவாடு வாங்கி இப்படி.


தை 28, திங்கள்

காலையில் அரிசிப் பானைக்குள் கையை விட்டு ரோமாபுரியை எடுத்தேன். அவன் முன் அறையில் சும்மா உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் வைத்தேன்.

எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எங்கே இருந்துச்சு அண்ணி?"

"மூட்டை அடியில."

மூக்கருகே கொண்டுபோனான். "புளி வாசம் அடிக்குது."

"அம்மனுக்கு இப்பல்லாம் புளியிலதான் அபிஷேகம்."

அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"நேத்து மிக்கேல் பேசினாரு" என்றேன். "நீ எங்கயும் இறங்கவே இல்லையாமே. இத்தனை வருஷமா உன்னை ஊர்சுத்தி, காசு பொறுக்கின்னு திட்டிட்டிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாடா?"

தலையைச் சொறிந்தான். "சொல்லியிருந்தா நீங்க என்னைக் கிண்டல் பண்றதை நிறுத்தியிருப்பீங்க அண்ணி. நான் ஊருக்கு வந்தப்ப இந்த வீட்டுல சத்தமே இல்ல. நீங்க யாரோடயும் பேசாம ஒரு மூலையில உக்காந்திருந்தீங்க. இந்த அலமாரியைப் பாத்துட்டுத்தான் முதமுதல்ல வாயைத் திறந்தீங்க. 'இது என்னடா ஈயச் சட்டிக் கடை'ன்னு கேட்டீங்க. அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

ஏதாவது கிண்டலாகச் சொல்லவேண்டும் என்று தேடினேன். வரவில்லை. இவன் அரைக்கால் சட்டையோடு பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து இவனைக் கிண்டல் செய்கிறேன், ஒரு நாளும் இப்படி ஆனதில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தது.

"சன்னல் இல்லாத ரூமுல உக்காந்துக்கிட்டு, பாரிஸ்ல காத்து வரும், எகிப்துல காத்து வரும்னு அந்தப் பொண்ணுகிட்ட அளந்தியே, அந்தக் காத்து எங்கேருந்துடா வந்துச்சு? இஸ்திரிப் பெட்டியிலேருந்தா?"

அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும்.

தரகருக்குப் போன் போட்டது நான்தான். டைரியில் எழுதிவைக்கிறேன், பின்னால் யாரும் மறுக்கக்கூடாது.


மாசி 4, ஞாயிறு

துறையூர்க்காரர்கள் வந்தார்கள். சித்தி வில்லையைத் தூரத்திலிருந்தே பார்த்தாள், தேளைப் பார்ப்பது போல. இன்று ஒன்றையும் தொடவில்லை.

"வெளிய வந்தாச்சு சரி, வேண்டினது வேண்டினதுதானேம்மா?" என்று இழுத்தாள்.

"நீங்க இடிஞ்ச வீட்டைக் கேட்டீங்க. ஆத்தா என்ன பண்ணா? இது என் பிள்ளைங்களுக்கு ஆகாதுன்னு என் மூட்டையிலயே திருப்பிப் போட்டுட்டா. வச்சுக்கணும்னா வச்சிருக்க மாட்டாளா? அவகிட்ட இல்லாத இடமா?"

சித்தி கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிட்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று நல்ல வீடாக ஒரு தகடு கேட்டாள். மாடி வைத்த வீடாகப் பார்த்துக் கொடுத்தேன். ஏற்கெனவே பல பேருக்கு வீடு கட்டிக் கொடுத்த தகடுதான். அனுபவம் உள்ளது.

துரைக்கண்ணு கோகிலத்தைக் கூப்பிட்டு அலமாரி முன்னால் நிறுத்தி எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். "நான் ஒரு ஊரும் பாக்கல. நாலு ஊர் பாத்த ஆளுன்னு நினைச்சு நீங்க ஒத்துக்கிட்டீங்க. வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க."

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஒட்டுக் கேட்கவில்லை, அங்கே நிற்க இடம் இருந்தது.

கோகிலம் பாரிஸ் வில்லையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "நானும் பக்கத்துல இருக்கிற தொட்டியத்தைத் தாண்டினதில்லைங்க" என்றாள். "பஸ்ல போனா எனக்கு வாந்தி வரும். எங்க கூட்டிட்டுப் போனாலும் ஜன்னல் சீட்டு எனக்குத்தான். அதுக்குச் சம்மதமா?"

"எடுத்துக்குங்க" என்றான் இந்த மகாராஜா, என்னவோ பஸ்ஸையே எழுதிக் கொடுப்பது போல.


மாசி 11, ஞாயிறு

கோயிலிலேயே தாலி கட்டினான். மூன்றாவது முடிச்சை நான் போட வேண்டியதாயிற்று. நாத்தனார் இல்லாத வீடு, அந்த வேலையும் என் தலையில். மிக்கேல் தூத்துக்குடியிலிருந்து மக்ரூன் கொண்டுவந்திருந்தார். பொடிப் பொடியாக நொறுங்கியிருந்தது.

அலமாரியை மினி லாரியில் ஏற்றினார்கள். ஏற்றுகிறவன், "என்னங்க இது, எல்லாம் செல்லாக் காசா?" என்று கேட்டான்.

"வாயை மூடிட்டு ஏத்துடா. ஒண்ணுல கீறல் விழுந்துச்சு, உன் தோலை உரிச்சுடுவேன்" என்று ஒரு பேச்சு பேசிவிட்டேன். வெயில்.


மாசி 12, திங்கள்

முன் அறையில் மூட்டையைப் போட்டேன். பிறகு கூடத்துக்கே கொண்டுவந்துவிட்டேன். அங்கே வைத்தால் எடுப்பது சிரமம்.


மாசி 14, புதன்

இருவரும் கன்னியாகுமரி போயிருக்கிறார்கள். சாயங்காலம் கோகிலம் போன் போட்டாள்.

"அங்க என்ன காசு வாங்கினான் உன் வீட்டுக்காரன்? கன்னியாகுமரிக்கும் வில்லை விப்பானே" என்றேன்.

"கடைப் பக்கமே வரலக்கா. காலையில வந்து பாறைமேல உக்காந்தவர்தான். வெயில் ஏறி இறங்கிடுச்சு. சாப்பாட்டையும் இங்கயே வாங்கியாரச் சொல்லிட்டாரு. கடலையே பாத்துட்டிருக்காரு."

"கடலையா? இருபது வருஷம் கடல்லயே கிடந்தவன், பஸ் ஏறிப் போய்க் கடலைப் பாக்குறானா? இந்தக் கூத்தை எங்க போய்ச் சொல்ல!"

"நீங்களே சொல்லுங்கக்கா, கிளம்பச் சொல்லுங்க. நீங்க நாலு வார்த்தை திட்டினாத்தான் எந்திரிப்பாரு."

போனை அவனிடம் கொடுத்தாள் போலிருக்கிறது. கடல் இரைச்சல்தான் கேட்டது. நாலு வார்த்தை என்ன, நாற்பது வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "போனை அவகிட்டக் குடு" என்றேன்.

"சொல்லிட்டீங்களாக்கா?"

"இருக்கட்டும்மா. நல்லாப் பாக்கட்டும்" என்றேன்.

கோகிலம் பதறிவிட்டாள். "அக்கா, உங்களுக்கு உடம்பு எதுவும் சரியில்லையா?"